எல்லாத் துப்பாக்கியும் இடப்பக்கமே சுடுகிறது

நவம்பர் 3, திங்கள்

என் துப்பாக்கி இன்றோடு செத்தது. கோவையில் பழுது பார்க்கும் காதர் பாய் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "உள்ள வீங்கிப்போச்சுங்க. இனி இதுல தோட்டா போட்டீங்கன்னா, பன்னிக்கு முன்னால நீங்க போய்ச் சேந்துருவீங்க" என்றார். முப்பது வருஷம் என் தோளில் கிடந்த சாமான். பழைய இரும்புக்காரன் போல அதை மேசையில் போட்டுவிட்டு டீ சொல்கிறார் மனுஷன்.

விஷயம் இதுதான். பாலக்காட்டுக் கிழக்கெல்லையில் எங்கள் பஞ்சாயத்தில் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், நாச்சிமுத்து. இன்னொருவன் என் மனைவியின் தம்பி திருமூர்த்தி. பயிரை அழிக்கிற பன்றிக்குத் தலைவர் உத்தரவு எழுதிக் கொடுப்பார், நாங்கள் போய்ச் சுடுவோம். செத்ததை மண்ணெண்ணெய் ஊற்றிக் குழியில் புதைக்க வேண்டும். கறி ஒரு துண்டு வீட்டுக்குப் போனாலும் கேஸ். அந்தக் குழி மூடும்போது ஊரில் பாதிப் பேர் கண் கலங்கி நிற்பார்கள், பன்றிக்காக இல்லை.

இந்த வருஷம் புதிதாக ஒரு தொல்லை வைத்திருக்கிறார்கள். ரைஃபிள் கிளப்பில் மிஷின் எறிகிற மண் தட்டுகளில் பாதியையாவது பறக்கும்போதே சுட்டு உடைத்தால்தான் பட்டியலில் பெயர். பரீட்சை டிசம்பர் 21. என் லைசென்ஸில் ஒரே துப்பாக்கிக்குத்தான் இடம். ஆகவே இப்போது வாங்கப்போகிற ஒன்று பன்றிக்கும் ஆக வேண்டும், தட்டுக்கும் ஆக வேண்டும்.

மயிலாத்தாவிடம் சொன்னேன். "ஒண்ணும் வாங்க வேண்டாமுங்க. எந்தம்பி ஒருத்தன் போதும். நீங்க வூட்ல இருங்க" என்கிறாள். ஐம்பத்தேழு வயசில் வீட்டில் உட்கார்ந்து நான் என்ன, பூ கட்டவா? இந்த ஊரில் பன்றி என்றால் நாச்சிமுத்து என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லாமல் போனால் நான் தெருவில் எப்படி நடப்பேன்?

இவள் வேறு இப்போதெல்லாம் காப்பி டம்ளரை என் இடக்கைப் பக்கம் வைக்கிறாள். முப்பது வருஷமாக வலப்பக்கம் வைத்தவள். கேட்டால், "அங்கதான் எடம் இருந்துச்சு" என்று பதில்.

நவம்பர் 8, சனி

திருமூர்த்தியோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். காதர் பாயின் அண்ணன் நடத்துகிற கடை, பாய்க்குப் பின்கட்டில் பட்டறை. அண்ணன் கேட்டார், "தட்டு அதிகமா, பன்னி அதிகமா?"

"ரெண்டும்" என்றேன்.

"ஒரே செருப்பப் போட்டுக்கிட்டு சேத்துலயும் எறங்கணும், கல்யாணத்துக்கும் போகணும்ங்கறீங்க." சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது பம்ப். குட்டைக் குழல், கையால் முன்னும் பின்னும் இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். புதரில் வேகமாகத் திரும்பப் பன்றிக்கு நல்லது. ஆனால் தட்டு பறக்கும்போது குட்டைக் குழல் துள்ளுமே தவிர, தட்டோடு சேர்ந்து நகராது. இரண்டாவது என் பழையதைப் போல இரட்டைக் குழல், பக்கத்தில் பக்கம். பார்த்ததும் மனசு அதன்மேல் போனது. மூன்றாவதும் இரட்டைக் குழல்தான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று. வால்பாறையில் எஸ்டேட் வைத்திருந்த யாரோ ஒருவருடையது, அவர் காலமானபின் கடைக்கு வந்திருக்கிறது. குழல் ரொம்ப நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. குழல் வாயில் திருகிப் போடுகிற வளையத்தை மாற்றினால் ஈய ரவை தட்டுக்கு ஏற்றபடி விரியும், பன்றிக்கு ஏற்றபடி குவியும். அண்ணன் அதைத்தான் தடவிக்கொண்டே இருந்தார்.

மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தேன். குழல் முனையில் குறி பார்க்க ஒரு பித்தளை மணி இருக்கும். அதை ஏன் இவ்வளவு மங்கலாகச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. மூன்றிலும் அதே கதி. திருமூர்த்தியிடம் சொன்னேன்.

"பளபளன்னுதான மாமா இருக்குது?"

"டியூப் லைட் வெளிச்சம் மாப்ள, அதான்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இவன் பேசாமல் இருந்தாலே அக்காளிடம் போய்ச் சொல்லப்போகிறான் என்று அர்த்தம்.

சுட்டுப் பார்க்காமல் எதையும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பொள்ளாச்சி பஸ் என்று ஏறினேன், கொல்லங்கோட்டில் இறக்கிவிட்டான். போர்டு எழுதுகிறவனுக்குப் பெயிண்ட் வாங்கக்கூடக் காசு கொடுப்பதில்லை போலிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

திருமூர்த்தியோடு ரைஃபிள் கிளப். கடையில் பார்த்த மூன்று வகையும் கிளப்பில் ஒவ்வொன்று இருக்கிறது, உறுப்பினர்கள் சுட்டுப் பார்க்கலாம். சொல்லிக்கொடுப்பது ஷைனி டீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறாள், மரியாதையான பெண்.

பம்பில் ஆரம்பித்தேன். தட்டு எழும்பியது, சுட்டேன், தட்டு சிரித்துக்கொண்டே போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. "சேட்டா, எல்லாம் இடத்தே போகுது" என்றாள். இடப்பக்கமாம். தோளில் வைக்கிற கட்டை எனக்கு நீளம் என்றேன். பக்கத்தில் பக்கத்தை எடுத்தேன். இடது. குழல் வளைந்திருக்கிறது என்றேன். ஒன்றின் மேல் ஒன்றை எடுத்தேன். அதுவும் இடது! மூன்று துப்பாக்கி, மூன்று கம்பெனி, மூன்றும் இடப்பக்கமே சுடுகிறது. கிளப் சாமானைப் பராமரிக்கிறவன் யார் என்று கேட்டேன்.

டீச்சர் அதற்குப் பதிலாக, "ரெண்டு கண்ணும் திறந்து, விரலை அந்தக் கொடிக்கம்பத்துக்கு நேரா நீட்டுங்க. இப்ப இடது கண்ணை மட்டும் மூடுங்க. விரல் அங்கேயே நிக்குதா?" என்று கேட்டாள்.

விரல் ஒரு முழம் நகர்ந்து நின்றது. கம்பமும் புகையில் நிற்கிற மாதிரி. "அங்கேயேதான் நிக்குது" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "வலது தோள்ல வச்சு சுடறவருக்கு இடது கண்ணு குறி பிடிச்சா, வெடி இடத்தேதான் போகும் சேட்டா. ஒரு தடவ கண்ணு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்களேன்."

வந்ததே கோபம். இவள் பிறக்கும் முன்பே நான் பன்றி சுட்டவன். கண்ணைக் காட்டவாம். துப்பாக்கி வாங்க வந்தவனிடம் கண்ணாடிக் கடைக்காரி மாதிரிப் பேசுகிறாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். திருமூர்த்தி வண்டியை மெதுவாக ஓட்டினான், ரேடியோவைக்கூடப் போடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

தூக்கமில்லை. காரணமில்லாமல் அப்பா ஞாபகம். அறுபது வயசுக்குள் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. கண் நரம்பு பட்டுப்போச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பெரிய டாக்டர் சொன்னபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். அதற்கப்புறம் பத்து வருஷம், செருப்புச் சத்தத்தை வைத்து "நாச்சியா?" என்று கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஒரு தடவை பதில் சொல்லாமல் நின்றேன், விளையாட்டுக்கு. மனுஷன் பயந்துவிட்டார்.

இதெல்லாம் இப்போது எதற்கு? தென்னைக்கு உரம் வைக்க வேண்டும், ஆள் சொல்லவில்லை.

நவம்பர் 22, சனி

மாரப்பன் வந்திருந்தான். என்னோடு ஐந்தாவது வரை படித்தவன். அவனுக்குக் கொஞ்சம் செம்மறி ஆடு, ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை, பெரிய வாய், அவ்வளவுதான் சொத்து. நேற்று விடிகாலை பன்றிக் கூட்டம் அவன் கடலைக் காட்டில் ஒரு மூலையை உழுது போட்டுவிட்டது.

"ஏண்டா நாச்சி, பன்னிக்கு மொளகாப்பொடி, பழைய சீலை, ரேடியோ எல்லாம் வெச்சுப் பாத்துட்டேன். ரேடியோவத் தின்னுபோட்டுப் போயிருச்சு" என்றான். மயிலாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"துப்பாக்கி வரட்டும்டா" என்றேன்.

"நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலை? ஊர்ல எவன் கண்ணு தப்புனாலும் உங்கண்ணு தப்பாது."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு டீ ஆறிப்போயிற்று.

நவம்பர் 29, சனி

வாங்கிவிட்டேன். ஒன்றின் மேல் ஒன்றுதான்.

பம்பை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனால் பத்துத் தட்டுக்கூடத் தேறாது. பக்கத்தில் பக்கத்தின் மேல் ஆசை இருந்தது, ஆனால் இரண்டு குழலும் அகலமாக நின்று தட்டையே மறைக்கிறது. இதில் ஒரே ஒரு மெல்லிய வரி. வளையத்தை மாற்றினால் பன்றி, திரும்ப மாற்றினால் தட்டு. தோளில் வைத்ததும் கன்னம் தானாகப் போய்ப் படிந்தது. ஒரே ஒரு துப்பாக்கி என்றால் இதுதான் என்று கடை அண்ணன் மட்டுமல்ல, எனக்கே தோன்றிவிட்டது.

ஒரே ஒரு குறை. மடக்கித் தோட்டா போட்டு மூடினால், ஒவ்வொரு தடவையும் சேஃப்டி தானாகவே விழுந்துகொள்கிறது. கட்டைவிரலால் முன்னால் தள்ளிவிட்டால்தான் வெடிக்கும். என் பழையதில் அப்படி இல்லை, நாமாகப் போட்டால்தான் உண்டு. பழக்கதோஷத்தில் நான் தள்ள மறந்து, கடையிலேயே இரண்டு தடவை வெறும் விசையை இழுத்துக்கொண்டு நின்றேன். தட்டு பறக்கிற நேரத்தில் இந்தக் கண்றாவியை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

"தட்டு சுடறவங்க அதக் கழட்டிருவாங்க. அர மணி நேர வேல" என்றார் அண்ணன். காதர் பாய் மகள் கல்யாண வேலையில் இருக்கிறாராம். பத்தாம் தேதிக்கு மேல் கொண்டுவரச் சொன்னார். முதல் வேலையாக அதைக் கழற்ற வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

கிளப்பில் புதுத் துப்பாக்கியோடு ஒரு பெட்டித் தோட்டா. எல்லாம் இடது. வேண்டுமென்றே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிச் சுட்டேன், இரண்டு உடைந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

டீச்சர் சொன்னாள் என்று அதே துப்பாக்கியைத் திருமூர்த்தி வாங்கிச் சுட்டான். வரிசையாக உடைத்துத் தள்ளினான். அவனுக்கு எப்போதும் அதிர்ஷ்டம் அதிகம்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை எடுத்தால் அதன் அடியில் கண் முகாம் நோட்டீஸ். "இத யார் வெச்சது?" என்றேன். "காத்துல வந்திருக்கும்" என்கிறாள் மயிலாத்தா, ரசம் ஊற்றிக்கொண்டே. சமையலறைக்குள் எந்தக் காற்று வரும்? நோட்டீசைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். போடும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அதை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் பன்றி விரட்டப் போனோம். பனி அதிகம். ஒன்றும் சிக்கவில்லை. துப்பாக்கியில் கோளாறு.

டிசம்பர் 10, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. உரம் வைக்க ஆள் வந்தார்கள். எத்தனை மரத்துக்கு வைத்தார்கள் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாரப்பன் கடலைக் காட்டில்தான் விரட்டினோம். முந்தின நாளே பஞ்சாயத்து ஆட்டோ மைக்கில் சொல்லிப் போயிருந்தது, காலை எட்டு மணி வரை யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று. திருமூர்த்தியும் நாய்க்காரர்களும் வாய்க்கால் பக்கமிருந்து வர, நான் பனைமரத்தடியில் நின்றேன். பன்றி எப்போதும் ஓடி வருகிற வழி அது. என்னை எப்போதும் அங்கேதான் நிறுத்துவார்கள்.

ஏழு மணிக்கும் பனி விலகவில்லை. எனக்குப் பனி கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது என்றும் எழுதிவிடுகிறேன். நாய் குரைத்தது. செடிக்கு நடுவில் கறுப்பாக ஒன்று, முதுகு வளைந்து, தலையை மண்ணில் வைத்து ஆட்டிக்கொண்டு. கடலையைத் தோண்டுகிற பன்றி இப்படித்தான் ஆட்டும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். குறி வைத்தேன். இந்தத் தடவை இடப்பக்கம் போகாதபடி வலப்பக்கம் தள்ளிப் பிடித்தேன். விசையை இழுத்தேன்.

வெடிக்கவில்லை.

சேஃப்டியைத் தள்ளவில்லை நான். சனியன் பிடித்த சாமான் என்று வாய்விட்டுத் திட்டினேன். கட்டைவிரலால் தள்ளினேன். மறுபடியும் குறி வைக்கத் தூக்கினேன்.

கறுப்பு நிமிர்ந்து நின்று, "ஏண்டா நாச்சி, பன்னி அக்கட்டால ஓடையில எறங்கிருச்சுடா!" என்றது.

மாரப்பன். கறுப்புக் கம்பளியை முக்காடு போட்டுக்கொண்டு, பன்றி தோண்டிப் போட்ட கடலையை ஈரத்தில் முளைக்கும் முன் பொறுக்கி எடுக்க வந்திருக்கிறான். மைக்கில் சொன்னது மற்றவர்களுக்கு, தன் காட்டுக்குத் தான் வர யார் உத்தரவு வேண்டும் என்று நினைத்திருக்கிறான், மடையன்.

துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளியே எடுத்தேன். ஒன்று கையிலிருந்து விழுந்தது. பனைமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். திருமூர்த்தி ஓடி வந்து, "என்னாச்சு மாமா, வெடி சத்தமே கேக்கல?" என்றான். துப்பாக்கியில் கோளாறு என்றேன். மாரப்பன் தண்ணீர் கொண்டுவந்தான். "பனி ஒத்துக்கலையாட்ட இருக்குது இவனுக்கு" என்று சொல்லி, தன் கம்பளியைக் கழற்றி என் தோளில் போர்த்தினான். அதில் ஆட்டு வாசனை. அந்த வாசனை இன்னும் என்மேல் இருக்கிறது, மூன்று தடவை குளித்துவிட்டேன்.

காதர் பாய் மகள் கல்யாண வேலையில் மாட்டாதிருந்தால், அந்தச் சேஃப்டியைக் கழற்றியிருப்பார். நான் அந்த வேலைக்காகத்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மயிலாத்தாவிடம் சொன்னேன். மாவாட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போடற சட்டையில டீக்கறை இல்லாத நாளு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம். நடக்கறப்ப கதவு நெலவுல முட்டறீங்க. ரோட்டுல எதுக்க வர்ற வண்டி வெளிச்சத்துக்கு நின்னுக்கறீங்க. டம்ளர நான் ஏன் எடப்பக்கம் வெக்கறேன்? எல்லாந் தெரியுமுங்க எனக்கு. சொன்னா எங்கிட்ட பேசாம இருந்துருவீங்கன்னுதான் வாய மூடிக்கிட்டேன். என்ற தப்பு" என்றாள்.

"அப்பனாட்டம் ஆயிருச்சுன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்குது மயிலு" என்றேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயரும் கூடவே வந்துவிட்டது.

"சொன்னாச் சொல்லட்டும். நானும்தான் கூட வர்றேன். நாளைக்கிக் காலையில கெளம்புங்க."

டிசம்பர் 13, சனி

கோவைக் கண் ஆஸ்பத்திரி. எத்தனை கூட்டம்! கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்தார்கள். இன்னொன்றில் வெளிச்சத்தை விட்டுக் குடைந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, வேகமாகப் பேசினாள். அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் பேசுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தாள். எனக்கு உள்ளங்கால் வேர்த்துவிட்டது. மயிலாத்தா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நரம்பு நல்லா இருக்குங்க. பிரஷரும் நார்மல். இது புரைதான். வலது கண்ணுல நல்லா முத்திப்போச்சு, ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"புரை மட்டுமா?"

"புரை மட்டுந்தான்."

"அப்பாவுக்கு வந்தது?"

"அது உங்களுக்கு இல்ல. வருஷம் ஒரு தடவ வந்து காட்டிக்கங்க, போதும்."

வெறும் புரை! ஊரில் பாதிக் கிழவர்களுக்கு இருக்கிற புரை! ஒரு வருஷமாக நான் பயந்து செத்தது இதற்கா? அங்கேயே, அந்தச் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா பஞ்சு கொடுத்தாள். கேன்டீனில் பொங்கல் வாங்கினோம். நான் என்னுடையதைத் தின்றுவிட்டு மயிலாத்தாவுடையதில் பாதியையும் தின்றேன். செவ்வாய்க்கிழமைக்கப்புறம் இன்றைக்குத்தான் சோறு சோறாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கட்டை தோளில் உதைக்கிற வேலை மாசக்கணக்கில் கூடாதாம். ஆகவே பரீட்சை இல்லை, இந்த வருஷம் பட்டியலில் பெயரும் இல்லை. சொன்னபோது வலிக்கும் என்று நினைத்தேன். காலிலிருந்து முள்ளை எடுத்த மாதிரிதான் இருந்தது.

டிசம்பர் 15, திங்கள்

பஞ்சாயத்துத் தலைவரிடம் நேரில் போய் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார், கண் என்றேன். "முன்னாலயே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். சொல்லியிருக்கலாம்.

காதர் பாய் போனில் கூப்பிட்டார். கல்யாணம் நல்லபடி முடிந்ததாம். "துப்பாக்கியக் கொண்டாங்க, அந்த சேஃப்டியக் கழட்டிருவோம்" என்றார்.

"அதுல கை வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும் பாய்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டுக்கு லாயக்குப் படுகிறதோ இல்லையோ, என் கைக்கு இந்த ஒன்றுதான்.

டிசம்பர் 16, செவ்வாய்

மாரப்பனிடம் சொல்லாமல் கண்ணை அறுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. ஆட்டுப்பட்டிக்குப் போனேன். ஒரு குட்டிக்குப் புண்ணில் மருந்து போட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நான் உன்னயச் சுட்டேன்டா" என்றேன். "சேஃப்டி போட்டிருந்துச்சு. அதனால வெடிக்கல."

குட்டியைப் பிடித்த பிடியை விடாமல் என்னையே பார்த்தான். "நீ தூக்குனத பாத்தேன்" என்றான் மெதுவாக. "நேரா எம்பக்கந்தான் இருந்துச்சு. பாத்துப்போட்டு, சரி, நம்ம நாச்சிதான, அவனுக்குத் தெரியாதா நான் இருக்கறதுன்னு இன்னும் நாலு காய் பொறுக்குனேன்டா. அவசரப்படாம பொறுக்குனேன்."

சுட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று எழுதப் பார்க்கிறேன், அது பொய். சுட்டிருந்தால் அவன் இல்லை.

"கண்ணு தெரியாமயா நீ துப்பாக்கியத் தூக்கிட்டுத் திரிஞ்சே?" குரல் உயர்ந்துவிட்டது. "எம்பேரன் சைக்கிள எடுத்துட்டு அந்த வழியாத்தாண்டா பள்ளிக்கோடம் போறான்!"

"தப்புத்தான்டா."

"போ. இங்க நிக்காத. போயிரு."

போய்விட்டேன். கூப்பிடுவான் என்று வேலி தாண்டும் வரை காது கொடுத்துக்கொண்டே நடந்தேன். கூப்பிடவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. வலியில்லை. எழுதுவது இடது கண்ணை வைத்து, மயிலாத்தா திட்டுகிறாள்.

டிசம்பர் 20, சனி

கட்டுப் பிரித்தார்கள்.

அடேயப்பா! சுவர் வெள்ளையாக இருக்கிறது. இத்தனை நாள் அது மஞ்சள் பெயிண்ட் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் சட்டையில் ஒரு சின்ன நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. திரும்பி மயிலாத்தாவைப் பார்த்தேன். காதோரம் முழுக்க வெள்ளை.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க பாக்காத நேரத்துல" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடை போர்டுகளை ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். கறுப்புக் கண்ணாடி வேறு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

மாரப்பன் காட்டைத் தாண்டும்போது படிப்பதை நிறுத்திவிட்டேன். கடலை முழுக்கப் பிடுங்கியாகிவிட்டது. அவனைக் காணோம். எல்லாம் தெரிகிறது, அவன் மட்டும் கண்ணில் படவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பரீட்சையில் திருமூர்த்தி தேறிவிட்டான். பாதிக்குமேல் எங்கேயோ போய்விட்டான். ஷைனி டீச்சர் என்னை விசாரித்தாளாம். சரியாகட்டும், போய்க் கையெடுத்துக் கும்பிட வேண்டும் அந்தப் பெண்ணை.

காலையில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் தீ மாதிரி ஒன்று வந்தது. ஆரஞ்சு. அப்படி ஒரு ஆரஞ்சு. நேஷனல் ஹைவேயில் தார் போடுகிறவர்கள் மாட்டியிருப்பார்களே, குறுக்கே வெள்ளிப் பட்டையோடு, அந்த ஜாக்கெட். அதற்குள் மாரப்பன். பின்னால் அவன் ஆடுகள். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்திக்கொண்டு கூடவே வருகிறார்கள்.

நேரே வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். கையை இரண்டு பக்கமும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"தெரியுதாடா?"

"தெரியுதுடா" என்றேன்.

"என்ன தெரியுது, சொல்லு."

"நீதான்டா மாரா."

"மருமகன் ரோட்டு வேலையில இருக்கறானல்லோ, அவங்கிட்ட வாங்கியாந்தேன். இனிமே காட்டுக்கு இதோடதான் போவேன். நாளைக்கு நீ சுட்டாலும், பன்னின்னு நெனச்சேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது பாத்துக்க." சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். "மயிலாத்தா, டீ வெய்யி. இவனுக்கு வேண்டாம், எனக்கு மட்டும்."

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. மயிலாத்தா பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே.